மாதிரி ரயில் மேடு ஏறாதபோது: அறிகுறியைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் முறை

மேசை மட்டத்தில் வட்டமாகப் பாதை போட்டு ஓட்டும்வரை மாதிரி ரயில் அதிகம் அடம்பிடிப்பதில்லை. ஒரு பாதையை இன்னொரு பாதையின் மேல் பாலம் போட்டுக் கடக்க வைக்கும் அன்றுதான் தொல்லைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். சக்கரம் வழுக்கும், பெட்டி கழலும், எஞ்சின் பாதி மேட்டில் நின்றுவிடும். பழி முழுவதும் எஞ்சின் மேல் விழும். பதினைந்து ஆண்டுகளாக இந்தப் பாதைகளைக் கட்டியும் பிரித்தும் வருகிறேன். என் அனுபவத்தில் பத்தில் ஏழு முறை எஞ்சினில் ஒரு குறையும் இருந்ததில்லை. மேட்டிலும் பெரிய குறை இருந்ததில்லை. சமதளம் முடிந்து மேடு தொடங்குகிற இடத்திலும், மேடு முடிந்து சமதளம் தொடங்குகிற இடத்திலும்தான் பிழை ஒளிந்திருந்தது.

இங்கே சொல்லும் அளவுகள் எச்ஓ அளவுக்கானவை. அதாவது நிஜத்தின் 87-இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. 160-இல் ஒரு பங்கான ‘என்’ (N) அளவில் கட்டுகிறவர்கள் உயரங்களைப் பாதிக்குச் சற்று மேலாக வைத்துக்கொள்ளலாம். சரிவைக் கணக்கிடும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

எதையும் பிரிப்பதற்கு முன் அளந்துவிடுங்கள்

சரிவு என்பது ஏறிய உயரத்தை ஓடிய நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கிய எண். 5 மீட்டர் ஓடி 10 செ.மீ. ஏறினால் 2 சதவீதம். இது சராசரி மட்டுமே. அந்த 5 மீட்டருக்குள் ஓர் இடத்தில் 1 சதவீதமும் இன்னோர் இடத்தில் மூன்றரையும் இருக்கலாம். எஞ்சினுக்குச் சராசரி தெரியாது. அந்த மூன்றரையில்தான் அது சிக்கிக்கொள்ளும்.

ஆகவே துண்டு துண்டாக அளக்க வேண்டும். கைபேசியின் சாய்வு காட்டும் செயலியை நம்பாதீர்கள். 2 சதவீதம் என்பது 1.15 டிகிரிதான். செயலி அரை டிகிரி தவறினாலே கிட்டத்தட்ட 0.9 சதவீதம் போய்விடும். தச்சர்கள் வைத்திருக்கும் ரசமட்டம் இதைவிட நேர்மையானது. 20 செ.மீ. நீளமுள்ள சிறிய ரசமட்டத்தைத் தண்டவாளத்தின் மேல் வையுங்கள். தாழ்ந்த முனைக்கு அடியில் 4 மி.மீ. தடிமனுள்ள துண்டைச் செருகுங்கள். குமிழ் நடுவில் நின்றால் அந்த இடம் 2 சதவீதம். 6 மி.மீ. துண்டு தேவைப்பட்டால் 3 சதவீதம். 10 செ.மீ.-க்கு ஒருமுறை நகர்த்தி, கிடைத்த எண்ணைப் பாதையின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதிக்கொண்டே போங்கள். அரைமணி நேர வேலைதான். எழுதிய எண்களை வரிசையாகப் படித்தால் பிழை எங்கே என்று அவையே காட்டிக்கொடுக்கும்.

மேசையையும் அளக்க மறக்காதீர்கள். மொட்டைமாடி அறைகளிலும் தாழ்வாரங்களிலும் தண்ணீர் ஓடுவதற்காகத் தரைக்கு வாட்டம் கொடுத்திருப்பார்கள். மேசையின் கால்கள் அந்த வாட்டத்தில் நின்றால், நாம் போட்ட 2 சதவீதம் ஒரு பக்கம் இரண்டரையாகவும் எதிர்ப்பக்கம் ஒன்றரையாகவும் மாறியிருக்கும்.

சக்கரம் சுழல்கிறது, எஞ்சின் நகரவில்லை

முதலில் அதே வண்டியைச் சமதளத்தில் ஓட்டிப் பாருங்கள். அங்கேயே திணறினால் மேட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஏதாவது ஒரு பெட்டியின் அச்சு இறுகியிருக்கும். பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கையால் தள்ளிவிட்டால் எது உருளவில்லை என்று தெரிந்துவிடும்.

சமதளத்தில் நன்றாக ஓடி மேட்டில் மட்டும் வழுக்கினால், அது பெரும்பாலும் கணக்கு. 350 கிராம் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உலோகச் சக்கரமானால் தன் எடையில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக, சுமார் 80 கிராம் இழுக்கும். 15 செ.மீ. நீளமுள்ள சரக்குப் பெட்டிக்கு அமெரிக்க மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரை எடை 113 கிராம். சமதளத்தில் அதை உருட்டத் தோராயமாக 3 கிராம் இழுவை போதும். ஆகவே எஞ்சின் இருபத்தைந்து பெட்டிகளுக்கு மேல் இழுக்கும். 3 சதவீத மேட்டில் ஒவ்வொரு பெட்டியின் எடையிலும் நூற்றுக்கு மூன்று பங்கு பின்னோக்கி இழுக்கிறது. எஞ்சினின் சொந்த எடையும் அப்படியே இழுக்கிறது. கணக்குப் போட்டால் பெட்டிகளின் எண்ணிக்கை பத்துக்கு இறங்கிவிடுகிறது. எஞ்சினில் ஒரு பழுதும் இல்லாமலேயே பாதிக்கு மேல் போய்விட்டது.

மேடு வளைவில் இருந்தால் இன்னும் குறையும். வளைவில் சக்கர விளிம்பு தண்டவாளத்தோடு உரசுவது மேடு ஏறுவதற்குச் சமமான தடை. எச்ஓ மாடலர்கள் வழிவழியாகக் கையாளும் கணக்கு ஒன்று உண்டு. 813-ஐ வளைவின் ஆரத்தால், மி.மீ. அளவில், வகுத்தால் கிடைக்கும் எண்ணைச் சரிவோடு கூட்டிக்கொள்ள வேண்டும். 457 மி.மீ. ஆரமுள்ள இறுக்கமான வளைவு ஏறக்குறைய 1.8 சதவீதத்தைக் கூட்டுகிறது. அங்கே நாம் போட்ட 3 சதவீதம் எஞ்சினுக்கு 4.8 சதவீதமாகத் தெரிகிறது.

நிஜ மலைப்பாதைகளை இங்கே நினைத்துக்கொள்வது நல்லது. 1882-இல் திறக்கப்பட்ட சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் பாதையில் மிகக் கடுமையான சரிவு சுமார் 2.7 சதவீதம். அதற்கு மேல் போகக்கூடாது என்பதற்காகவே மலைக்குள் சுருள் சுரங்கங்களைக் குடைந்தார்கள். மும்பையிலிருந்து புணே போகும் வழியில் போர் காட் மலைப்பாதையில் 37-க்கு 1, அதுவும் 2.7 சதவீதம்தான். அங்கே இன்றும் பின்னாலிருந்து தள்ள எஞ்சின்கள் சேர்க்கப்படுகின்றன. நாமோ மேசையில் இடமில்லை என்பதற்காக 4 சதவீதம் போட்டுவிட்டு எஞ்சினைக் குறை சொல்கிறோம். நீலகிரி ரயிலை மனத்தில் வைத்துக்கொண்டு 8 சதவீதத்துக்குப் போகிறவர்களும் உண்டு. கல்லாறு தாண்டிக் குன்னூர்வரை 12-க்கு 1 என்று அந்த ரயில் ஏறுவது தண்டவாளங்களின் நடுவிலுள்ள பற்பட்டையைப் பிடித்துக்கொண்டு. எஞ்சினும் முன்னால் நின்று இழுப்பதில்லை, கீழ்ப்பக்கம் நின்று தள்ளுகிறது. வழுவழுப்பான தண்டவாளத்தில் சாதாரண எஞ்சினிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சரிசெய்யும் வரிசை இதுதான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் தண்டவாளத்தையும் எஞ்சின் சக்கரங்களையும் துடையுங்கள். எண்ணெய்ப் பசை ஒரு சொட்டு இருந்தாலும் மேட்டில் வழுக்கும். ரப்பர் வளையம் உள்ள சக்கரமானால் நகத்தால் அழுத்திப் பாருங்கள். கண்ணாடிபோல் கெட்டிப்பட்டிருந்தால் மாற்ற வேண்டியதுதான். எஞ்சின் கூட்டுக்குள் இடமிருந்தால் ஈயத் துண்டு சேர்க்கலாம். ஆனால் நடுவில் சேர்க்க வேண்டும், ஒரு முனையில் சேர்த்தால் மறுமுனைச் சக்கரங்கள் பிடியை இழக்கும். இத்தனைக்குப் பிறகும் வழுக்கினால் பெட்டிகளைக் குறைக்க வேண்டும், அல்லது மேட்டை நீட்ட வேண்டும்.

நீட்ட இடமில்லை என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. கட்டும்போதே இதைச் செய்திருக்கலாமே என்று பலர் பின்னால் வருந்துவார்கள். மேல் பாதையை 10 செ.மீ. ஏற்றுவதற்குப் பதிலாக, அதை 5 செ.மீ. ஏற்றி, கீழ்ப் பாதையை 5 செ.மீ. இறக்குங்கள். மேட்டின் நீளம் பாதியாகிவிடும். ஒரே பலகையை மேசையாகப் போட்டவர்களால் இதைச் செய்ய முடியாது. சட்டம் அடித்து, தாங்குகட்டைகளின் மேல் பாதைக்கு மட்டும் பிளைவுட் பட்டை போட்டவர்களால் முடியும். மேடு வேண்டும் என்று நினைக்கிறவர்கள் சட்டமேசைதான் போட வேண்டும் என்று நான் விடாமல் சொல்லிவருவதற்கு இதுவே காரணம்.

மேட்டின் அடியிலோ உச்சியிலோ பெட்டி கழன்றுவிடுகிறது

இதுதான் எல்லாருக்கும் வரும் தொல்லை, எல்லாரும் தவறாகப் புரிந்துகொள்ளும் தொல்லையும் இதுதான். கொக்கியை மாற்றுவார்கள், ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவார்கள், கடைசியில் அந்தப் பெட்டியையே அலமாரியில் வைத்துவிடுவார்கள்.

அறை விளக்கை அணைத்துவிட்டு, மேட்டின் அடிவாரத்துக்குப் பின்னால் ஒரு கைவிளக்கை வையுங்கள். கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். வண்டியை மிக மெதுவாக நகர்த்துங்கள். இரண்டு பெட்டிகளின் கொக்கிகளும் விளக்கொளியில் நிழலுருவாகத் தெரியும். கை கோத்ததுபோல் நேராக நின்றவை, சமதளமும் மேடும் கோணமாகச் சேரும் மடிப்பு வந்ததும் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் வழுக்கத் தொடங்கும். முன்பெட்டி மேட்டில் முழுவதுமாக ஏறி நிற்கிறது. பின்பெட்டி இன்னும் சமதளத்தில். சக்கரத்தொகுதிக்கு வெளியே கொக்கிவரை பெட்டி 35 மி.மீ. நீண்டிருந்தால், 3 சதவீத மடிப்பில் இரு கொக்கிகளுக்கும் இடையே சுமார் 1 மி.மீ. உயர வேறுபாடு வருகிறது. ஒரு மி.மீ. பெரிதல்ல. ஆனால் ஒரு கொக்கி ஏற்கெனவே அரை மி.மீ. தொங்கியிருக்கிறது, தண்டவாள இணைப்பில் அரை மி.மீ. மேடு இருக்கிறது என்று வையுங்கள். மூன்றும் சேர்ந்து 2 மி.மீ. ஆனவுடன் கொக்கிகள் ஒன்றையொன்று விட்டு விலகிவிடுகின்றன. நீளமான பயணிகள் பெட்டிகளில் இது இன்னும் மோசம்.

 அந்த மடிப்பைக் குழைவாக மாற்றுவதுதான் மருந்து. பெரிய இடிப்பு வேலை தேவையில்லை என்பதைக் கணக்கே சொல்கிறது. 2 சதவீத மேட்டின் அடியில் 40 செ.மீ. நீளத்துக்குக் குழைவு வேண்டுமானால், சரியாக மடிப்பு இருக்கும் இடத்தில் 1 மி.மீ. உயர்த்தினால் போதும். அங்கிருந்து இருபுறமும் 10 செ.மீ. தள்ளிக் கால் மி.மீ. 20 செ.மீ. தள்ளி ஒன்றுமே வேண்டாம். 3 சதவீதமானால் குழைவை 60 செ.மீ. ஆக்கிக்கொள்ளுங்கள். மடிப்பில் இரண்டேகால் மி.மீ. உயர்த்த வேண்டியிருக்கும்.

இதற்கு நான் பயன்படுத்துவது பழைய கல்யாணப் பத்திரிகைகளின் அட்டை. பத்து அட்டைகளை அடுக்கி அளந்து பத்தால் வகுத்தால் ஓர் அட்டையின் தடிமன் கிடைத்துவிடும். அநேகமாகக் கால் மி.மீ.-க்குச் சற்று மேல் இருக்கும். தண்டவாளத்தை அந்த 40 செ.மீ.-க்கு ஆணி நீக்கி மெதுவாகத் தூக்கி, மடிப்பின் மேல் மூன்று அல்லது நான்கு அட்டைகளைச் செருகுகிறேன். எல்லாவற்றிலும் அடியிலுள்ள அட்டை மிக நீளமாக, மேலே போகப் போகக் குட்டையாக. படிக்கட்டுபோல் இருக்கும் விளிம்புகளைப் பட்டி பூசி, காய்ந்ததும் 30 செ.மீ. நீளக் கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்குகிறேன். கட்டை நீளமாக இருப்பது முக்கியம். விரலால் தேய்த்தால் புதிய அலை ஒன்று உருவாகிவிடும்.

உச்சியில் வேலை தலைகீழ். அங்கே அட்டை செருகினால் நிலைமை கெடும். மடிப்பு இருக்கும் இடத்தை 1 மி.மீ. இறக்க வேண்டும். தண்டவாளத்துக்கு அடியில் தக்கைப் பட்டை போட்டிருந்தால் அதை உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். பிளைவுட் பட்டையானால் உச்சிக்கு அருகிலுள்ள தாங்குகட்டையின் ஸ்க்ரூவைத் தளர்த்தி இறக்கலாம்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. மேடு தொடங்கும் இடத்தில் பிளைவுட்டில் இணைப்பு வைக்காதீர்கள். சமதளப் பலகையிலிருந்தே ஒரு நாக்குபோலப் பட்டையை அறுத்துத் தூக்குங்கள். மரம் தானாகவே குழைவாக வளையும், நாம் கணக்குப் போட்டுச் செய்வதைவிட அழகாக. நுரைப்பலகையில் ஆயத்தமாக வெட்டி விற்கும் ஏற்றத் துண்டுகளை நானும் விரும்பிப் பயன்படுத்துகிறேன். ஆனால் அவற்றின் முதல் துண்டையும் கடைசித் துண்டையும் அப்படியே ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. இரு முனைகளிலும் மடிப்பு அப்படியே இருக்கும்.

குழைவும் இடம் கேட்கும் என்பதைத் திட்டமிடும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். 10 செ.மீ. உயரத்துக்கு 2 சதவீதத்தில் 5 மீட்டர் என்பது காகிதக் கணக்கு. இரு முனைகளிலும் 40 செ.மீ. குழைவு சேர்த்தால் 5.4 மீட்டர்.

நீராவி எஞ்சினின் முன்சக்கரம் அடிவாரத்தில் இறங்கிவிடுகிறது

இதுவும் மடிப்பின் வேலைதான். பெரிய சக்கரங்கள் மேட்டில் கால் வைத்ததும் எஞ்சினின் ஒரு முனை தூக்கிக்கொள்கிறது. மெல்லிய காகிதத் துண்டை ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் நுழைத்துப் பாருங்கள். தடையின்றி உள்ளே போனால் அந்தச் சக்கரம் தண்டவாளத்தைத் தொடவில்லை. எஞ்சினின் முன் கீழ்த்தடுப்பு தண்டவாளத்தில் உரசும் கீறலும் அதே இடத்தில் தெரியும். முன்சக்கரத்துக்கு எடை சேர்க்கும் முன் மடிப்பைக் குழைவாக்குங்கள். மடிப்பின் மேல் பாயின்ட், அதாவது ஒரு பாதை இரண்டாகப் பிரியும் துண்டு, போட்டிருந்தால் அதைப் பிடுங்கி வேறிடத்தில் போடுவதைத் தவிர வழியில்லை. பாயின்ட் முழுவதும் ஒரே தளத்தில் கிடக்க வேண்டும். அந்தத் தளம் சரிந்திருந்தாலும் பரவாயில்லை, மடிந்திருக்கக் கூடாது.

மேட்டின் நடுவில், எப்போதும் ஒரே இடத்தில் தடம் புரள்கிறது

நீளவாட்டில் எல்லாம் சரியாக இருந்தும் இப்படி நடந்தால் குறுக்குவாட்டில் பாருங்கள். சிறிய ரசமட்டத்தை இரு தண்டவாளங்களுக்கும் குறுக்காக வைத்து நகர்த்தினால், ஓர் இடத்தில் குமிழ் இடதுபுறமும் ஒரு சாண் தள்ளி வலதுபுறமும் ஓடும். பாதை முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தாங்குகட்டையைச் செங்குத்தாகப் பிடிக்காமல் ஸ்க்ரூ போட்டதால் வருவது இது. ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழைப் பார்த்துக்கொண்டே திரும்ப இறுக்க வேண்டும். 12 மி.மீ. பிளைவுட்டுக்கு 30 முதல் 40 செ.மீ.-க்கு ஒரு தாங்குகட்டை தேவை. அதைவிடத் தள்ளிப் போட்டால் நடுவில் தொய்வு விழும்.

புரளும் பெட்டி எப்போதும் வளைவின் உட்பக்கமாகச் சாய்கிறதா? அப்படியானால் பாதையில் பிழை இல்லை. மேட்டு வளைவில் முன்னால் எஞ்சின் இழுக்க, பின்னால் பாரம் இழுக்க, நடுவில் அகப்பட்ட எடையற்ற பெட்டி வில்லின் நாண்போல் நேராகப் பார்க்கிறது. வெற்றுப் பெட்டிகளைக் கடைசியிலும் கனமானவற்றை எஞ்சினுக்கு அடுத்தும் வையுங்கள். பெட்டி மிக லேசாக இருந்தால் அடியில் எடை ஒட்டுங்கள்.

ஏற ஏற வேகம் குறைந்து நின்றுவிடுகிறது, சக்கரமும் சுழலவில்லை

சக்கரம் சுழலாமல் நின்றால் அது மின்சாரப் பிரச்சினை. மேட்டில் மோட்டார் அதிக மின்னோட்டம் கேட்கிறது. சமதளத்தில் போதுமாக இருந்த ஒரு தளர்ந்த தண்டவாள இணைப்பு இங்கே கைவிட்டுவிடுகிறது. மல்டிமீட்டரை வெறும் தண்டவாளத்தில் வைத்தால் முழு வோல்ட்டும் காட்டி ஏமாற்றிவிடும். 12 வோல்ட் கார் விளக்கு ஒன்றைத் தண்டவாளத்தில் இணைத்து, அது எரியும்போது அளங்கள். மேட்டின் அடியில் 12 வோல்ட்டும் உச்சியில் 9 வோல்ட்டும் இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. பாதையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஒரு ஜோடி மின்கம்பியைத் தண்டவாளத்தின் பக்கவாட்டில் சாலிடர் வைத்து, மேசைக்கு அடியில் ஓடும் தடித்த கம்பியோடு சேருங்கள்.

தண்டவாளம் வழியே எண்முறைக் கட்டளை அனுப்பி எஞ்சினை இயக்கும் டிசிசி முறையில் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். மேட்டின் உச்சியில் இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே ஒரு நாணயத்தை வையுங்கள். மின்வழங்கி உடனே துண்டித்துக்கொள்ள வேண்டும். துண்டிக்காவிட்டால் நாணயத்தை எடுத்துவிட்டு அந்தப் பகுதிக்குக் கம்பி சேர்க்காமல் ஓட்டாதீர்கள். தடம் புரண்ட ஒரு பெட்டியின் சக்கரம் அதே குறுக்குத்தொடுப்பை ஏற்படுத்தி உருகிவிடும்.

இறங்கும்போது குலுங்கிக் குலுங்கி இறங்குகிறது

ஏறும்போது பட்டுபோல் ஏறிய எஞ்சின் இறங்கும்போது விட்டுவிட்டுப் பாய்கிறது. மோட்டாரின் முனையிலுள்ள திருகுப்பல் அச்சு தன் இருப்பிடத்தில் முன்னும் பின்னும் ஆடுவதுதான் காரணம். ஏறும்போது பாரம் அதை ஒரே பக்கம் அழுத்திப் பிடித்திருக்கிறது. இறங்கும்போது பின்னால் வரும் பெட்டிகள் எஞ்சினைத் தள்ள, அச்சு மறுபக்கம் தாவுகிறது, திரும்புகிறது, மறுபடி தாவுகிறது. எஞ்சினின் மேல்கூட்டைக் கழற்றி, திருகுப்பல் அச்சை விரல்நுனியால் தள்ளிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவு நகர்ந்தால் மெல்லிய வாஷர் ஒன்றை முனையில் சேர்க்க வேண்டும். முழுவதும் இறுக்கிவிடாதீர்கள், காகிதக் கனத்துக்கு இடைவெளி இருக்கட்டும். பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கிரீஸ் ஒரு துளி போதும்.

பாலத்துக்கு அடியில் மேல்கூரை உரசுகிறது

கீழ்த் தண்டவாளத்தின் மேல்முகத்திலிருந்து பாலத்தின் அடிவரை 76 மி.மீ. வேண்டும். பலகையிலிருந்து அளந்துவிட்டுப் பிறகு திகைக்கிறவர்கள் அதிகம். தக்கையும் சிலீப்பரும் தண்டவாளமும் சேர்ந்து ஒரு செ.மீ. விழுங்கிவிடும். கம்பி தொடும் கரத்தை உயர்த்தி ஓட்டும் மின்சார எஞ்சின் இருந்தால் அதை உயர்த்திய நிலையில் அளங்கள்.

உரசினால் பாதையை உயர்த்த ஓடாதீர்கள். பாலத்தின் தளத்தை மெலிதாக்க முடியுமா என்று பாருங்கள். 12 மி.மீ. பிளைவுட்டும் அதன் மேல் தக்கையும் போட்ட இடத்தில் 3 மி.மீ. அலுமினியப் பட்டையை வைத்து, தக்கையில்லாமல் தண்டவாளத்தை ஒட்டினால் ஒரு செ.மீ.-க்கு மேல் கிடைக்கும். 2 சதவீத மேட்டில் ஒரு செ.மீ. உயரம் என்பது 50 செ.மீ. பாதைக்குச் சமம்.

நன்றாக ஓடியது, மழைக்காலம் வந்ததும் கெட்டுவிட்டது

ஒரு கார்த்திகை மாதம் என் மேட்டில் இதுதான் நடந்தது. ஆவணியில் அளந்து எழுதிய பென்சில் எண்கள் பக்கத்திலேயே இருந்தன. திரும்ப அளந்தபோது, இரண்டு என்று எழுதிய இடத்தில் ரசமட்டம் இரண்டே முக்கால் காட்டியது. மேட்டின் நடுவில் மரத்தூள் பலகையில் செய்த ஒரு தாங்குகட்டை அடியில் ஈரம் உறிஞ்சி, ரொட்டிபோல் உப்பியிருந்தது. ஸ்க்ரூவைத் திருகினால் பிடிமானமே இல்லாமல் சுழன்றது. அந்த ஒரு கட்டைதான் பாதையை 2 மி.மீ. தூக்கியிருந்தது. அதன் கீழ்ப்பக்கம் சரிவு கூடிவிட்டது, மேல்பக்கம் குறைந்துவிட்டது.

நம் கடலோர ஊர்களில் வெயிலைவிட ஈரம்தான் பாதையைக் கெடுக்கிறது. 5 மீட்டர் நீளமுள்ள நிக்கல் சில்வர் தண்டவாளம் 15 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஒன்றேகால் மி.மீ. அளவுக்குத்தான் நீளும். அதற்கு மீட்டருக்கு ஓர் இணைப்பில் அட்டைக் கனத்துக்கு இடைவெளி விட்டு, எல்லா இணைப்புகளையும் சாலிடர் வைத்து மூடாமல் இருந்தால் போதும். மரம் அப்படியில்லை. மரத்தூள் பலகையையும் எம்டிஎஃப் பலகையையும் மேட்டுக்குப் பயன்படுத்தவே வேண்டாம். மரைன் பிளைவுட் வாங்கி, அறுத்த விளிம்புகளுக்கு இரண்டு பூச்சு வார்னிஷ் கொடுங்கள். ஈரம் உள்ளே நுழைவது விளிம்பு வழியாகத்தான். தாங்குகட்டையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டிவிடாமல் ஸ்க்ரூவில் மட்டும் நிறுத்தினால், அடுத்த மழைக்காலத்தில் திரும்பச் சரிசெய்ய வழி இருக்கும்.

நிறுத்திவைத்த பெட்டிகள் தானாக உருளுகின்றன

நல்ல உலோகச் சக்கரப் பெட்டிகள் 1 சதவீதச் சரிவிலேயே நகரத் தொடங்கிவிடலாம். நிலையத்தையும் பெட்டி கோக்கும் இடத்தையும் மேட்டில் வைக்காதீர்கள். தவிர்க்கவே முடியாவிட்டால், பழைய பல்துலக்கியிலிருந்து இரண்டு மூன்று நைலான் மயிர்களை எடுத்துச் சிலீப்பர்களுக்கு நடுவில் நட்டுவையுங்கள். பெட்டியின் அச்சைத் தொடும் உயரம் போதும். எஞ்சின் இழுத்தால் வழிவிடும், தானாக உருள விடாது.

சுருள் பாதையில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இழுபடுகிறது

60 செ.மீ. ஆரமுள்ள சுருளில் ஒரு சுற்று 3.77 மீட்டர். சுற்றுக்கு 9 செ.மீ. ஏறினால் சரிவு 2.4 சதவீதம். வளைவுத் தடையைக் கூட்டினால் எஞ்சினுக்கு அது 3.7 சதவீதம். ஆகவே சுருளில் பெட்டிகளைக் குறைத்தே ஓட்ட வேண்டும், அது பிழையல்ல.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் திணறினால் மட்டும் பிழை. பிளைவுட் துண்டுகளின் இணைப்புகள் எல்லாச் சுற்றிலும் ஒன்றின் மேல் ஒன்றாக அமைந்துவிட்டிருக்கும். அங்கே எல்லாச் சுற்றிலும் ஒரு சிறிய கூம்பு எழும். இணைப்பின் அடியில் ஒரு சாண் நீளப் பிளைவுட் துண்டை ஒட்டிக் கிளாம்ப் போட்டு இரவு முழுவதும் விட்டால் பெரும்பாலும் நேராகிவிடும். மீதியை, சுருளைத் தாங்கி நிற்கும் மரை போட்ட கம்பியில் சரிசெய்யலாம். 8 மி.மீ. கம்பியில் நட்டை ஒரு முழுச்சுற்று திருப்பினால் பாதை 1.25 மி.மீ. உயரும், கால்சுற்றுக்கு 0.3 மி.மீ. கீழ்ச்சுற்றிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போங்கள். ஒவ்வொரு நட்டையும் திருப்பியபின் குறுக்குவாட்டுக் குமிழைப் பாருங்கள். ஒரே நாளில் மூன்று சுற்றுக்கு மேல் தொடாதீர்கள். இறுக்கிய பிளைவுட் இரவில் சற்று இளகி அமர்கிறது, காலையில் எண்கள் மாறியிருக்கும்.